பைபாஸில் கைமாறும் குட்டி வேண்டாம்

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். லேப்ரடார் குட்டி வேண்டும் என்று ஒரு வருடமாகப் பிடிவாதம். என் கணவர் இன்ஸ்டாகிராமில் பார்த்து, கோவைப் பக்கம் ஒரு ப்ரீடரிடம் பேசியிருக்கிறார். குட்டிக்கு 35 நாள் ஆகிறதாம், எல்லா ஊசியும் போட்டாயிற்றாம். பேப்பர் (வம்சாவளிச் சான்று) இல்லாமல் 12,000 ரூபாய், பேப்பரோடு 20,000. 5,000 அட்வான்ஸ் போட்டால் ஞாயிற்றுக்கிழமை அவிநாசி பைபாஸுக்கே கொண்டுவந்து தருவாராம். "சின்னதுலயே எடுத்தாத்தானுங்க ஒட்டும்" என்கிறாராம். என் மாமியாரோ, "நாய்க்குப் போயி ஆராச்சும் காசு குடுப்பாங்களா, தோட்டத்துக்கு ஒண்ணு தானா வந்து சேரும்" என்கிறார். வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? ஆணா, பெட்டையா?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் அட்வான்ஸ். இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்ப வேண்டாம். அனுப்பியாயிற்று என்றால், 5,000 போனால் போகிறது என்று விட்டாலும் சரி, பைபாஸில் வைத்து அந்தக் குட்டியைக் கையில் வாங்காதீர்கள்.

நம் பக்கத்தில் காங்கேயம் கிடாரி ஒன்று பிடிக்கப் போனால் என்ன செய்கிறோம்? கண்ணபுரம் சந்தையானாலும் பழையகோட்டை சந்தையானாலும் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம், தாய் எப்படிக் கறந்தது என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். அதே மனிதர் நாய்க்குட்டி என்றதும் போனில் ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு ஜிபே பண்ணிவிடுகிறார். போட்டோவில் எல்லா லேப்ரடார் குட்டியும் அழகாகத்தான் இருக்கும்.

பைபாஸில் வந்து தருகிறேன் என்பது உங்களுக்குச் செய்கிற உதவி மாதிரித் தெரியும். உண்மையில் அவருக்குத்தான் சௌகரியம். குட்டி எங்கே பிறந்தது, தாய் உயிரோடு இருக்கிறதா, அதே இடத்தில் வேறு குட்டிகள் செத்தனவா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் உடம்புக்குள் போய் நோயாக வெளிப்பட பெரும்பாலும் 3 முதல் 7 நாள் பிடிக்கும். ஞாயிறன்று காருக்குள் வாலாட்டிக்கொண்டு வந்த குட்டி வியாழனன்று வாந்தியும் ரத்தப் பேதியுமாகக் கிடக்கும். போன் செய்தால், "குடுக்கறப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்பார். அதுவும் பொய்யில்லை. அத்தோடு உங்கள் நம்பர் பிளாக் ஆகிவிடும். வீடு தெரியாது, கென்னல் (நாய் வளர்க்கும் இடம்) தெரியாது, பில் கிடையாது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "தாயை அது இருக்கிற இடத்திலேயே வந்து பார்க்கலாமா?" என்பதுதான். இதற்கு வருகிற பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். "வெளியாள் வந்தால் குட்டிக்கு நோய் தொற்றும், அதனால் யாரையும் விடுவதில்லை" என்று சிலர் சொல்வார்கள். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. நல்ல ப்ரீடரும் செருப்பை வெளியே விடச் சொல்வார், கையைக் கழுவச் சொல்வார், இன்னொரு கென்னலுக்குப் போய்விட்டு நேராக இங்கே வராதீர்கள் என்பார். ஆனால் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றாவது பார்க்க விடுவார். அதுவும் முடியாது, வீடியோ காலில் காட்டுகிறேன் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

போனால் என்ன பார்ப்பது? குட்டியைக் கடைசியில் பாருங்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவள் முதலில் ஓடிவரும் குட்டியைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிவிடுவாள், அப்புறம் உங்களால் எதுவும் பேச முடியாது. தாய் நாய் பால் கொடுத்து மெலிந்திருக்கும், முடி கொட்டியிருக்கும், காம்புகள் தொங்கும். இதெல்லாம் இயல்பு, பயப்பட வேண்டாம். காம்பு வற்றி, வயிறு ஒட்டி, குட்டிகளைக் கண்டுகொள்ளாமல் ஒரு நாய் நின்றால்தான் சந்தேகம் வர வேண்டும். வேறு ஏதோ ஒரு பெட்டையைக் கொண்டுவந்து தாய் என்று காட்டுகிறவர்களும் உண்டு. குட்டிகளை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். தாய் எது என்று குட்டிகளே காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தாய் ஆளைக் கண்டால் எப்படி இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். புது ஆளைப் பார்த்து இரண்டு குரைப்புக் குரைத்துவிட்டு, உரிமையாளர் தட்டிக்கொடுத்ததும் அடங்கினால் சரி. வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் நடுங்கினால் அந்தப் பயம் குட்டிக்கும் வரும். தகப்பன் நாய் அங்கே இல்லாமல் போகலாம், மேட்டிங்குக்கு வெளியூர் கொண்டுபோவது வழக்கம்தான். அதன் போட்டோவும் பேப்பரும் இருந்தால் போதும்.

இடத்தைப் பாருங்கள். நாய் குடிக்கிற தண்ணீரில் பாசி பிடித்திருக்கிறதா, தரை நீங்கள் வருவதற்காக மட்டும் பினாயில் ஊற்றிக் கழுவியதா என்பது மூக்குக்கே தெரியும். லேப், ஜெர்மன் ஷெப்பர்டு, ஷிட்சூ, பக், ராட்வைலர் எல்லாம் "எப்ப வேணாலும் ஸ்டாக் இருக்கும்" என்று சொல்கிற இடம் வளர்க்கிற இடமில்லை, வருடம் முழுக்கக் குட்டி போட வைக்கிற இடம்.

அப்புறம் குட்டி. உதட்டைத் தூக்கி ஈறு ரோஜா நிறமா, வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுப்பு என்றால் குடற்புழு அல்லது உண்ணி ரத்தத்தை உறிஞ்சியிருக்கலாம். உடம்பு ஒல்லியாகவும் வயிறு மட்டும் பானையாகவும் இருந்தால் புழுதான். வாலைத் தூக்கி அடியில் பேதி ஒட்டிக் காய்ந்திருக்கிறதா பாருங்கள். தொப்புளில் வீக்கம், காதில் நாற்றம், கண்ணில் பீளை. பின்னால் நின்று கையைத் தட்டினால் திரும்புகிறதா என்றும் பாருங்கள். வெள்ளை ராஜபாளையம் குட்டி வாங்குகிறவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும், அந்த இனத்தில் பிறவிக் காதுகேளாமை உண்டு.

இப்போது அந்த 35 நாள். சின்னதில் எடுத்தால்தான் ஒட்டும் என்பது ஊர் முழுக்க இருக்கிற நம்பிக்கை, விற்கிறவருக்கு லாபமான நம்பிக்கையும்கூட. மூன்று வாரம் கூடுதலாக வைத்துத் தீனி போட்டு, ஊசி போட்டு, புழு மருந்து கொடுக்கும் செலவு அவருக்கு மிச்சம். குட்டி மனிதர்களோடு பழகும் பருவம் 12, 14 வாரம் வரை நீடிக்கிறது. எட்டு வாரத்தில் வந்தாலும் தாராளமாக ஒட்டும். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை அது படிக்கிற பாடம் வேறு: கூடப் பிறந்ததைக் கடித்தால் அது கத்திக்கொண்டு விலகிப் போகிறது, தாயைக் கடித்தால் தாய் உறுமி அடக்குகிறது. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி அங்கேதான் கற்றுக்கொள்கிறது. அதற்கு முன்பே பிரித்தெடுத்த குட்டி உங்கள் மகளின் கையைக் கீறிவைக்கும்போது, "இது ரொம்ப முரட்டுக் குட்டி" என்று குறை சொல்வார்கள்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் என்றே 2017-இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. அதன்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. ப்ரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் ஆகும் முன் மேட்டிங் செய்யக்கூடாது, வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. விற்கும் முன் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்) போட்டிருக்க வேண்டும். "பதிவு நம்பர் என்னங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் கோபப்படுவார்கள், ஒன்றிரண்டு பேர் சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டுவார்கள். அந்த ஒன்றிரண்டு பேரைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

35 நாள் குட்டிக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று என்பது நடக்காத காரியம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் இருக்கிறவரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது, அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். வெறிநோய் ஊசி மூன்று மாதம் ஆனதும். கார்டை வாங்கிப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கர் இருந்தால் மட்டும் போதாது; பக்கத்தில் தேதி, கால்நடை மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண்ணோடு சீல் மூன்றும் வேண்டும். மெடிக்கலில் வாங்கித் தாங்களே குத்திவிட்டு ஸ்டிக்கரை ஒட்டுகிறவர்கள் உண்டு. அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்ததா, பைக் பெட்டியில் கிடந்ததா, யார் கண்டது? வயதிலும் சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்குப் பால்பல் 28-உம் முளைத்திருக்கும்.

அடுத்து, பேப்பரோடு ஒரு விலை, இல்லாமல் ஒரு விலை. இந்த இடத்தில்தான் எனக்கு அதிகச் சந்தேகம். தாய், தகப்பன் இரண்டும் நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்யும் கெனல் கிளப் ஆஃப் இந்தியாவில் பதிவானவை என்றால் அந்த ஈத்துக் குட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்தே பதிவு செய்யலாம். ஒரே ஈத்தில் ஒரு குட்டிக்குப் பேப்பர் உண்டு, இன்னொன்றுக்குக் கிடையாது என்றால், 20,000 கொடுத்தவருக்குக் கிடைப்பது வேறு ஏதோ நாயின் பேப்பராக இருக்கலாம். பெற்றோர் இரண்டின் சர்டிபிகேட்டையும், ஈத்துப் பதிவுக்கு விண்ணப்பித்த நகலையும் கேளுங்கள். குட்டியின் மைக்ரோசிப்பை ஸ்கேனர் வைத்துப் படிக்கச் சொல்லி, அதில் வரும் 15 இலக்க எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வம்சாவளியில் தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நெருங்கிய உறவில் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். ஆனால் பேப்பர் இனத்துக்குத்தான் சாட்சி, ஆரோக்கியத்துக்கு இல்லை. லேப்ரடாரில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. தாய்க்கும் தகப்பனுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்ததுண்டா என்று கேளுங்கள். நம் பக்கம் எடுத்தவர்கள் குறைவு, கேட்டு வையுங்கள்.

நல்ல ப்ரீடர் உங்களையும் கேள்வி கேட்பார். "பகல்ல ஊட்ல ஆருங்க இருப்பீங்க? சொந்த ஊடுங்களா, வாடகைங்களா? கட்டிப் போட்டு வெச்சிருவீங்களா?" என்று கேட்டால், காசு கொடுக்கிறவரிடமே விசாரணையா என்று உங்கள் கணவர் முறுக்கிக்கொள்ள வேண்டாம். நீங்கள் போன பிறகும் அந்தக் குட்டி என்ன ஆகும் என்று யோசிக்கிற ஆள் அவர்.

உங்கள் மாமியார் சொன்னதை நான் தள்ளமாட்டேன். தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) காவல்தான் வேண்டும் என்றால் லேப்ரடார் வேண்டவே வேண்டாம், திருடன் வந்தாலும் நக்கிக் கொடுக்கும். தெரிந்தவர் தோட்டத்தில் நாட்டுநாய் குட்டி போட்டிருந்தால் அதில் ஒன்றை எடுக்கலாம். அங்கேயும் எட்டு வாரம், ஊசி, புழு மருந்து எல்லாம் இதேதான். ஆனால் "தானா வந்து சேரும்" என்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தானாக வருகிற நாய்களில் பல, யாரோ ஆசைப்பட்டு வாங்கி, முடியாமல் ஊர் எல்லையில் இறக்கிவிட்டவை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் பட்டியில் புகுந்து நாய்கள் ஆட்டைக் கடித்துக் கொல்வதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டு ரோட்டில் உட்கார்வதும் உங்களுக்குத் தெரியாததில்லை.

இதையும் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். லேப்ரடார் பத்து, பன்னிரண்டு வருடம் இருக்கும். உங்கள் அம்மணி பத்தாவது முடித்ததும் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலுக்குப் போகக்கூடும், அப்புறம் காலேஜ். நாய்க்கு அப்போது மூன்று, நான்கு வயதுதான் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு காலை ஆறு மணிக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போகிறவர் நீங்கள். ஆகவே மகளின் ஆசையை வைத்து முடிவு பண்ணாதீர்கள், உங்களுக்கு இஷ்டமா என்று பார்த்து முடிவு பண்ணுங்கள்.

வாங்குவது என்று ஆனால், பணம் கொடுக்கும் முன்பே ஒரு கால்நடை மருத்துவரிடம் குட்டியைக் காட்டிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு நோய் தெரிந்தால் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனசு வராது, மகள் அதற்குள் பெயர் வைத்திருப்பாள். விலை, தேதி, சிப் எண் எழுதிய பில் வாங்குங்கள். அங்கே என்ன தீனி போட்டார்களோ அதையே ஒரு வாரம் போட்டு, மெதுவாக மாற்றுங்கள். வந்த அன்றே மாட்டுப்பால் ஊற்றினால் கழிச்சல் எடுக்கும். ஊசி முடிகிறவரை தெருவில் விட வேண்டாம். உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ கடந்த ஒரு வருடத்தில் வேறு குட்டி ரத்தப் பேதியில் செத்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

ஆணா, பெட்டையா என்று கேட்டிருந்தீர்கள். லேப்ரடாரில் குணத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. பெட்டை வருடத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும், அந்த மூன்று வாரம் தெரு நாய்கள் உங்கள் கேட்டில்தான் நிற்கும். ஆண், கேட் திறந்திருந்தால் அடுத்த தெரு கேட்டில் போய் நிற்கும். எதை எடுத்தாலும் கருத்தடை ஆபரேஷனை எந்த வயதில் செய்வது என்று முதல் ஊசிக்குப் போகும்போதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.