கணக்கும் தணிக்கையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் தக்கலையைச் சேர்ந்தவள். சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சி.ஏ. பயிற்சி பெறும் ஆர்ட்டிக்கிள் மாணவியாக இருக்கிறேன். மூன்று சக்கர வாகனங்களும் பேருந்துச் சேசிஸ்களும் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஆண்டுத் தணிக்கைக்குத் திட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஃபைலை எடுத்து ஆண்டை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் மூத்தவர் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும், ஐயா?
— வாசகி, தக்கலை

பதில்: மனம் ஒப்பாதது நல்லதுதான், மகளே. சென்ற ஆண்டு ஃபைல் தேவைதான். அப்போது கண்ட பிழைகளும், நிர்வாகம் திருத்த மறுத்து விட்டுவைத்த வேறுபாடுகளும் அதில்தான் இருக்கும். ஆனால் அதைத் திறப்பதற்கு முன் தொழிற்சாலையை ஒருமுறை நடந்து பாருங்கள். தகடு வந்து இறங்கும் இடம், அச்சில் அழுத்தும் இடம், வெல்டிங், பெயின்ட், பூட்டும் வரிசை, முடிந்த வண்டிகள் நிற்கும் யார்டு, கடைசியாக வெளிவாசல் என்று வரிசையாகச் செல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் நின்று, இங்கே நடப்பது கணக்கில் எந்தப் பதிவாக மாறுகிறது, அந்தப் பதிவு எப்படித் தவறக்கூடும் என்று கேளுங்கள். ஆடிட்டர்கள் பின்பற்ற வேண்டிய விதிகளில் ஒன்றான தணிக்கைத் தரநிலை 315 நிறுவனத்தையும் அதன் சூழலையும் புரிந்துகொள்ளச் சொல்வது இதைத்தான். திட்டமிடுதலைப் பற்றிய தரநிலை 300 அதன் மேல்தான் நிற்கிறது.

வெளிவாசலில் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கூடும் கூரையும் இல்லாத பேருந்துச் சேசிஸில், தலைக்கவசமும் முகத்தில் சுற்றிய துண்டுமாக ஒரு டிரைவர் அமர்ந்து, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவிலை நோக்கி ஓட்டி வருவதைப் பார்த்திருப்பீர்கள். மார்ச் 31 இரவு 11 மணிக்கு அந்தச் சேசிஸ் முப்பந்தல் காற்றாலைகளைக் கடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் பில் போட்டாகிவிட்டது. வாங்கியவர் கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அது யாருடைய சரக்கு? அதன் விலை இந்த ஆண்டு விற்பனையா, அடுத்த ஆண்டு விற்பனையா? வருவாயை எப்போது பதிவது என்று சொல்லும் கணக்கியல் தரநிலையான இன்ட் ஏ.எஸ். 115 கேட்பது, வண்டியின் மீதான கட்டுப்பாடு எப்போது கைமாறியது என்பதை. பணம் கேட்கும் உரிமை பிறந்துவிட்டதா, உரிமை மாறிவிட்டதா, வண்டி யார் வசம் இருக்கிறது, வழியில் விபத்து நேர்ந்தால் நட்டம் யாருக்கு, வாங்கியவர் ஏற்றுக்கொண்டாரா என்பவற்றை வைத்து அதைத் தீர்மானிக்க வேண்டும். ஆகவே டீலர் ஒப்பந்தத்தையும், அரசுப் போக்குவரத்துக் கழகங்களோடு செய்த ஒப்பந்தங்களையும் திட்டமிடும் கட்டத்திலேயே படித்துவிடுங்கள். வருவாயில் மோசடிக்கு இடமுண்டு என்று தொடக்கத்திலேயே கருதிக்கொண்டு செல்லும்படி தரநிலை 240 சொல்வதற்குக் காரணம் உண்டு. இலக்கை எட்ட வேண்டிய மார்ச் கடைசி வாரத்தில், பில் போட்டுவிட்டு வண்டியை யார்டிலேயே நிறுத்தி வைக்கும் பழக்கம் எந்த நிறுவனத்திலும் தலைதூக்கலாம். ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில் திரும்பி வந்த வண்டிகள், டீலர்களுக்குத் தொகையைக் கழித்துக்கொடுத்த கிரெடிட் நோட்டுகள் ஆகியவற்றைப் பார்ப்பதையும் திட்டத்தில் சேருங்கள். ஆண்டு இறுதியில் டீலர்களுக்கு அறிவித்த தள்ளுபடித் திட்டங்கள் விற்பனைத் தொகையிலிருந்து கழிய வேண்டியவை. அவற்றின் சுற்றறிக்கைகள் பெரும்பாலும் விற்பனைப் பிரிவில்தான் கிடக்கும். கணக்குப் பிரிவுக்கு வந்து சேர நாளாகும்.

யார்டில் நடக்கும் இருப்பு எண்ணிக்கையைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் உதவியாளனாக இருந்தபோது, ஒரு வாகன யார்டில் எண்ணிக்கைக்கு நின்றேன். பட்டியலில் 412 வண்டிகள், நிறுத்தியிருந்தவையும் 412. கையெழுத்துப் போட்டுவிட்டுப் புறப்படலாம் என்றிருந்தேன். என் ஆடிட்டர் ஐயா விடவில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்காக ஷோரூம்களில் சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்களே, அதுபோல் 40 வண்டிகளில் எடுத்து வரச் சொன்னார். பதினேழு எழுத்துகளையும் பட்டியலோடு ஒப்பிட்டபோது இரண்டு வண்டிகள் ஒத்துப்போகவில்லை. ஏற்கெனவே விற்றுவிட்டதாகப் பில் போட்ட இரண்டு வண்டிகள் யார்டில் நின்றன. பில் போடாத இரண்டு வண்டிகள் வெளியே போயிருந்தன. எண்ணிக்கை சரி, வண்டிகள் வேறு. எத்தனை என்று எண்ணுவதை மட்டுமல்ல, எந்த வண்டி என்று பார்ப்பதையும் அன்றிலிருந்து நான் எழுதும் ஒவ்வொரு திட்டத்திலும் தனி வரியாகச் சேர்த்துவருகிறேன். இருப்பு எண்ணிக்கையில் நேரில் கலந்துகொள்வது தரநிலை 501-இன்படி உங்கள் கடமை. எண்ணிக்கை நடக்கும் தேதிகளை இப்போதே கேட்டு வாங்கி, எந்தக் கிடங்குக்கு யார் போவது என்று பிரித்துவிடுங்கள். ஒரு கிடங்கையாவது முன்கூட்டிச் சொல்லாமல் தேர்ந்தெடுங்கள். நிர்வாகம் எண்ணியபோது ஏதேனும் ஒரு வகைச் சரக்கில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வேறுபாடு கண்டிருந்தால், அதைக் கணக்கில் சரிசெய்தார்களா என்று ஆடிட்டர் அறிக்கையில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பட்டியலிடும் அரசாணையான சி.ஏ.ஆர்.ஓ. 2020-இன்படி அறிக்கையில் சொல்ல வேண்டியிருக்கும்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் மதிப்பு சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2017 மார்ச் 29 அன்று, ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 என்ற பழைய மாசு அளவுகோலின்படி செய்த வாகனங்களை விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆண்டு முடிய இரண்டே நாள். நாடெங்கும் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்காமல் நின்றன. அந்த ஆண்டு தணிக்கையில், சரக்கை அடக்க விலையில் வைப்பதா, விற்றுக் கையில் வரக்கூடிய விலைக்குக் குறைப்பதா என்பதே பெரிய கேள்வியாகியிருக்கும். எனவே மாசுக் கட்டுப்பாட்டு விதி, பாதுகாப்பு விதி, வரி விகிதம் ஆகியவற்றில் இந்த ஆண்டு என்ன மாறியது என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், மின்சாரத்தில் ஓடாத மூன்று சக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி குறையப்போகிறது என்று தெரிந்தவர்கள் வாங்குவதைத் தள்ளிப்போட்டிருப்பார்கள். அதை மறந்துவிட்டு மாதவாரி விற்பனையைச் சென்ற ஆண்டோடு ஒப்பிட்டால், இல்லாத பிழையைத் தேடி ஒரு வாரம் போய்விடும்.

அடுத்தது வாரண்டி. வரம்புத் தொகையையும், அதாவது இதற்கு மேல் பிழை இருந்தால் கணக்கைப் படிப்பவரின் முடிவு தவறக்கூடும் என்று ஆடிட்டர் வைக்கும் தொகையையும், இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டையும் தனித்தனியே படிக்கும் மாணவர்கள் இரண்டையுமே புரிந்துகொள்வதில்லை. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 1 லட்சம் ஆட்டோக்களை, ஒன்று 2 லட்சம் ரூபாய் வீதம் விற்கிறது என்று கொள்வோம். விற்பனை 2,000 கோடி. வரிக்கு முந்தைய லாபம் 160 கோடி. லாப நோக்கில் இயங்கும் உற்பத்தி நிறுவனத்துக்கு இந்த லாபத்தில் 5 சதவீதம் பொருத்தமாக இருக்கலாம் என்று தரநிலை 320 எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. அப்படியானால் வரம்பு 8 கோடி. இப்போது ஒரு வண்டிக்கு வாரண்டிச் செலவு 2,000 ரூபாய் வரும் என்று மதிப்பிட்டு 20 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். உண்மையில் 3,000 ரூபாய் வந்தால் வேறுபாடு 10 கோடி. ஒரே ஒரு மதிப்பீட்டில், ஒரு வண்டிக்கு ஆயிரம் ரூபாய் பிசகினாலே வரம்பு தாண்டிவிடுகிறது. பேனா பென்சில் செலவு வவுச்சர்களுக்கு நான்கு நாளும் வாரண்டிக்கு அரை நாளும் ஒதுக்கிய திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கவே வருத்தமாக இருக்கும். கணக்குப் பிரிவு தரும் கணக்கீட்டோடு நிற்காமல் சர்வீஸ் பிரிவின் புகார்ப் பதிவுகளையும் கேளுங்கள். புதிய மாடலுக்குப் பழைய மாடலின் அனுபவ விகிதத்தையே போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு விற்ற நீட்டிப்பு வாரண்டி இதில் சேராது. அது தனி வருவாய், காலத்துக்கேற்பப் பிரித்துக் காட்ட வேண்டியது.

மற்றவை சுருக்கமாக. புதிய மாடல் உருவாக்கச் செலவைச் சொத்தாகக் காட்டியிருந்தால், ஆராய்ச்சிக் கட்டம் முடிந்து உருவாக்கக் கட்டம் தொடங்கிய நாளை யார் முடிவு செய்தார் என்று கேளுங்கள். மின்வாகனங்களுக்கு அரசு ஊக்கத்தொகை வரவேண்டியதாகக் காட்டியிருந்தால், நிபந்தனைகள் நிறைவேறியதற்கான ஆதாரத்தைக் கேளுங்கள். கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும் வசதி 2023 ஏப்ரல் 1 முதல் நிறுவனங்களுக்குக் கட்டாயம். அதைச் சோதிக்கக் கணினித் தணிக்கை தெரிந்த ஒருவரைக் குழுவில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. எழுதிய திட்டத்தை ஃபைலில் கட்டி மூடிவிட வேண்டாம். யார்டில் இரண்டு சேசிஸ் எண்கள் பொருந்தாமல் போனால், அன்று மாலையே திட்டம் மாற வேண்டும். என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: குலசேகரம் அருகே சிறிய அளவில் ரப்பர் புஷ்கள் செய்து ஒரு வாகன நிறுவனத்துக்குக் கொடுத்து வருகிறேன். அந்த நிறுவனத்தின் ஆடிட்டர்களிடமிருந்து, மார்ச் 31 அன்று அவர்கள் எனக்குத் தர வேண்டிய பாக்கி எவ்வளவு, அவர்களுடைய மோல்டுகள் என்னிடம் எத்தனை இருக்கின்றன என்று கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. கடிதத்தில் உள்ள தொகை என் கணக்கைவிட 3 லட்சத்து 40 ஆயிரம் குறைவு. விலைக் குறைப்பு என்று டெபிட் நோட் போட்டிருக்கிறார்களாம். கொள்முதல் பிரிவில் கேட்டால், "கையெழுத்துப் போட்டு எங்களிடம் கொடுங்கள், அண்ணாச்சி" என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், குலசேகரம்

பதில்: கொள்முதல் பிரிவிடம் கொடுக்காதீர்கள். பதில் நேரே தங்களுக்கு வர வேண்டும் என்றுதான் ஆடிட்டர்கள் உங்களுக்கு எழுதியிருப்பார்கள். வெளியாரிடம் நேரே எழுதிக் கேட்டு உறுதிப்படுத்துவதைப் பற்றிய தரநிலை 505-இன் உயிரே அதில்தான் இருக்கிறது. உங்கள் புத்தகத்தில் உள்ள தொகையை எழுதி, வேறுபாடு 3.40 லட்சம் என்றும், அந்த டெபிட் நோட்டை நீங்கள் ஏற்கவில்லை என்றும் சேர்த்து, லெட்ஜர் நகலோடு அனுப்புங்கள். உங்களைப் போல் 50 பேர் இப்படி எழுதினால், ஆண்டு இறுதியில் மூலப்பொருள் செலவைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்களா என்று அந்த ஆடிட்டர்கள் தேடத் தொடங்குவார்கள்.

சிறு தொழிலாகப் பதிந்ததற்கான உத்யம் பதிவு எண்ணையும் எழுதுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்கு மேல் பணத்தைத் தாமதிக்கக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். அந்தப் பாக்கியை நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் தனியே காட்ட வேண்டும். மோல்டுகளை ஒவ்வொன்றாக எண் பார்த்து எழுதுங்கள். அவை உங்கள் கொட்டகையில் கிடந்தாலும் அவர்களுடைய சொத்து. தேய்ந்து பயன்படாமல் போனவை இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். அவர்கள் புத்தகத்தில் அவை இன்னும் மதிப்போடு நிற்கக்கூடும்.

கேள்வி: ஒரு வாகன நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். ஆடிட் திட்டத்தை முன்கூட்டியே காட்டும்படி ஆடிட்டர்களிடம் கேட்கலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: எப்போது வருவார்கள், எந்த ஆவணங்கள் தயாராக வேண்டும், எந்தக் கிடங்குகளின் இருப்பு எண்ணிக்கைக்கு ஆட்கள் வேண்டும் என்பவற்றைத் தாராளமாகக் கேளுங்கள், அவர்களும் பேசவே விரும்புவார்கள். தணிக்கையின் பொதுவான எல்லையையும் காலத்தையும் இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவிடம் அவர்கள் தெரிவித்தும் விடுவார்கள். ஆனால் எந்தப் பில்களை எடுப்பார்கள், எந்த யார்டுக்குச் சொல்லாமல் வருவார்கள், எந்தத் தொகைக்கு மேல் பார்ப்பார்கள் என்று கேட்க வேண்டாம். கேட்டாலும் அவர்கள் சொல்லக் கூடாது.