போலந்துக்கு ஒதுக்கிய நிதி செலவாகாமலே உதவியது எப்படி?

எடுத்துச் செலவழிக்காத பணம் எப்படி உதவியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். 1990 ஜனவரி 1 அன்று போலந்து பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகளை நீக்கி, ஒரு டாலருக்கு 9,500 ஸ்வாட்டி (போலந்தின் நாணயம்) என்று நாணய மாற்று விகிதத்தை நிலைநிறுத்தியபோது, அதைக் காப்பதற்கென்று மேலை நாடுகள் 100 கோடி டாலரை ஒதுக்கி வைத்தன. அதிலிருந்து ஒரு டாலரும் எடுக்கப்படவில்லை.

மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் என் சித்தப்பா, பீரோவில் சித்தியின் எட்டுப் பவுன் சங்கிலி இருக்கும் தைரியத்தில்தான் பெரிய ஆர்டர்களை ஒப்புக்கொள்வார். அது ஒருமுறைகூட அடகுக்கடைக்குப் போனதில்லை. நாணயச் சந்தையிலும் அப்படித்தான்: கையிருப்பு உண்டு என்று தெரிந்தால், மக்கள் டாலர் வாங்க முண்டியடிப்பதில்லை.

ஆனாலும், கடன் கொடுத்த அரசுகளின் குழுவான பாரிஸ் கிளப் நாடுகள் 1991-இல் போலந்தின் பழைய கடனில் ஏறத்தாழப் பாதியைக் குறைக்க ஒப்புக்கொண்டதையே நான் பெரிய உதவியாகக் கருதுகிறேன்.