கல்யாண வீடியோவுக்குக் கம்ப்யூட்டர்: அந்த ‘எஃப்’ எழுத்தை அடியுங்கள்

கேள்வி: கும்பகோணம் பக்கம் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறேன். சோனி கேமராவில் 4கே, ஹெச்.265, 4:2:2, 10 பிட் என்று வைத்துப் பதிவு செய்கிறேன். பழைய கம்ப்யூட்டரில் எடிட்டிங் டைம்லைன் திக்கித் திக்கி நகர்கிறது. புதிதாகச் சேர்த்துத் தர ஒரு கடையில் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள்: கோர் ஐ7-14700எஃப் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம் ஒன்று, 1 டிபி எஸ்எஸ்டி, 600 விஏ யூபிஎஸ், வண்ண விளக்கு எரியும் கண்ணாடிக் கேபினெட். வாங்கலாமா?

பதில்: 14700-க்குப் பின்னால் நிற்கும் ‘எஃப்’பை அடித்துவிட்டு வாங்கலாம். வேறு சில திருத்தங்களும் உண்டு. ஆனால் உங்கள் தலைவலி முழுவதும் அந்த ஓர் எழுத்தில்தான் இருக்கிறது.

‘எஃப்’ என்றால் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது என்று பொருள். ‘தனியாகத்தான் கார்டு போடுகிறோமே, அது எதற்கு?’ என்று கடைக்காரர் கேட்பார். கேம் விளையாடுபவருக்கு அது நியாயமான கேள்வி. உங்களுக்கு இல்லை. 4:2:2 கோப்பில் சாதாரண 4:2:0 கோப்பைப்போல இரு மடங்கு நிறத் தகவல் இருக்கிறது. ஹெச்.265-இல் சுருக்கி வைத்த அந்தக் கோப்பைப் பிரித்துக் காட்டும் வேலையை ஆர்டிஎக்ஸ் 4060 செய்யாது. அதைத் தயாரிக்கும் என்விடியாவில் 50 வரிசைக்குத்தான் அந்தத் திறமை வந்தது. இன்டெல்லின் உள் கிராபிக்ஸோ 11ஆம் தலைமுறையிலிருந்தே அதைச் செய்கிறது. கடைக்காரரின் பட்டியலில் இரண்டு வழியும் அடைபட்டிருக்கிறது. பிராசசரே எல்லாவற்றையும் தலையில் சுமக்கும். புதுக் கம்ப்யூட்டரும் திக்கும். வெறும் 14700 வாங்கினால் 4060 அப்படியே இருக்கலாம். கம்ப்யூட்டர் கைக்கு வந்ததும் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) உள் கிராபிக்ஸ் இயங்குகிறதா என்று பாருங்கள். தனிக் கார்டு போட்டால் சில மதர்போர்டுகள் அதைத் தானாக அணைத்துவிடும்.

இன்னொன்று. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் சில, அளவுக்கு மீறிய வோல்டேஜால் கெட்டுப்போனது 2024-இல் பெரிய பேச்சாக இருந்தது. நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, பெட்டியோடு விற்றவற்றுக்கு வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. பயாஸைப் புதுப்பித்துத்தான் தர வேண்டும் என்று கறாராகச் சொல்லுங்கள். பெட்டி இல்லாத பிராசசரோ, பழையதோ மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ரேம் ஒற்றை மாடு பூட்டிய வண்டியாக இருக்கிறது. 16 ஜிபி ரேம் இரண்டு போடுங்கள். சேமிப்புக்குக் கணக்கே பதில் சொல்லும்: நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஐந்து மணி நேரம் என்றால் ஒரு கல்யாணத்துக்கு 450 ஜிபி. வைகாசியில் நாலு முகூர்த்தம் சேர்ந்தால் 1 டிபி எந்த மூலைக்கு? வேலைக்கு மட்டும் தனியாக 2 டிபி எஸ்எஸ்டி வையுங்கள். அதிவேகமானதாகத் தேட வேண்டாம். இந்தக் கோப்பு நொடிக்குக் கேட்பது 12.5 எம்பிதான். முடிந்த கல்யாணங்கள் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகட்டும். இரண்டு பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து போன ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

600 விஏ யூபிஎஸ் என்பது பெரும்பாலும் 360 வாட்தான். பிராசசரும் கார்டும் சேர்ந்து ரெண்டர் ஆகும்போது அதைத் தாண்டும். கரண்ட் போன நொடியில் கம்ப்யூட்டரும் போகும். 600 வாட்டாவது தாங்குவதாக வாங்குங்கள். அதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிப்பது நல்லது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை பல இடங்களில் சும்மா அலங்காரம்.

கண்ணாடிக் கேபினெட்டை விட்டுவிடுங்கள். முன்பக்கம் வலை வைத்தது வேண்டும். வலையைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். தை மாத அறுவடையில் பறக்கும் சுணை எங்கெல்லாம் போய் உட்காரும் என்று உங்களுக்கே தெரியும்.

கையில் பணம் சேரும்வரை பழைய கம்ப்யூட்டரிலேயே ப்ராக்ஸி கோப்பு, அதாவது தரம் குறைத்த இலகுவான நகல், உருவாக்கி எடிட் செய்து பாருங்கள். செலவில்லாத வைத்தியம்.

கேள்வி: மன்னார்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஆல்பத்தில் புடவை நிறம் மாறிவிடுகிறது என்று பெண் வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். கிராபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், மானிட்டரைப் பாருங்கள். திருபுவனம் பட்டின் அரக்கு நிறம் உங்கள் திரையில் ஒரு மாதிரி, அச்சகத்துத் திரையில் வேறு மாதிரி தெரிந்தால் கார்டு என்ன செய்யும்? பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகை, எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற வரம்பை 100 சதவீதம் காட்டும் மானிட்டர் வாங்குங்கள். நிறத்தை அளந்து சரிசெய்யும் கருவி ஒன்றை நாலு ஸ்டூடியோக்காரர்கள் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவைத்து வேலை பார்ப்பவர்களுக்கு ஆல்பம் இருட்டாகத்தான் வரும்.

கேள்வி: மயிலாடுதுறையில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன், நான் ஒருவன்தான். சென்னையில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு எட்டு மாதத்தில் செயலிழந்தது. வாரண்டி கேட்டால், ‘தொழிலுக்கு வாங்கிய பொருள், நுகர்வோர் நீதிமன்றத்தில் செல்லாது’ என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்குகிறது. ஆனால் சுயதொழில் செய்து வயிறு வளர்க்க மட்டுமே வாங்கியவரை அது நுகர்வோராகவே ஏற்கிறது. நீங்கள் அந்த வகை. சென்னைக்கு அலையவும் வேண்டாம். நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல கடைக்காரர்கள் அதிலேயே இறங்கி வருவார்கள். கார்டின் சீரியல் எண் எழுதிய பில் கைவசம் இருக்கிறது அல்லவா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.