இன்டர்வியூ தேதி வரும்வரை

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 29 வயது. கல்யாணமாகி 22 மாதம் ஆகிறது. கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறார். இந்த 22 மாதத்தில் நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு மாதம்கூட வராது. என்னை அங்கே அழைத்துக்கொள்ள அவர் போட்ட ஐ-130 மனு ஏற்கப்பட்டுவிட்டது. என்விசி என்ற அமெரிக்க தேசிய விசா மையத்துக்குப் பணம் கட்டி, சான்றிதழ்கள் எல்லாம் ஏற்றி, டிக்யூ ஆகி, அதாவது ஆவணங்கள் எல்லாம் சரி என்று ஏற்கப்பட்டு, மூன்று மாதம் ஆகிறது. மும்பையில் நடக்கும் விசா இன்டர்வியூவுக்குத் தேதி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது சிங்கப்பூரில் ஒரு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. ஆறு வாரத்தில் சேர வேண்டும். போகத்தான் ஆசை. ஆனால் மாமியார் வீட்டில், "எந்த நேரமும் லெட்டர் வரும், வீட்டோடு இரு. இப்போது வேறு நாட்டுக்குப் போனால் கல்யாணமே பொய்யோ என்று அந்த ஆபீசர் நினைப்பார்" என்கிறார்கள். கணவரோ, "நீ போ, நானும் இங்கே வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் உன்னோடு வந்து இருக்கிறேன்" என்கிறார். விசா விஷயத்தைக் கம்பெனியில் சொல்லாமல் சேர்வது ஏமாற்று வேலையோ என்றும் உறுத்துகிறது. அம்மா போன வருடமே எனக்கு அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டி வைத்துவிட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் மூச்சு முட்டுகிறது. என்ன செய்யட்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போங்கள். கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

லெட்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அது மின்னஞ்சலில்தான் வருகிறது. உங்களுக்கும் வரும், கணவருக்கும் வரும். தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் ஆள் இருக்க வேண்டிய காரியம் இல்லை. இன்டர்வியூ முடியும்வரை மனைவி சொந்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. எங்கே இருக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். புது முகவரி கிடைத்ததும் என்விசி-யின் விசாரணைப் படிவம் வழியாகத் தெரிவித்துவிடுங்கள். டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பத்தை ஒருமுறை சமர்ப்பித்துவிட்டால் நாமாகத் திருத்த முடியாது. திறந்துவிடச் சொல்லிக் கேட்கலாம், அல்லது இன்டர்வியூவில் அதிகாரியிடம் புது முகவரியையும் வேலையையும் சொல்லிச் சேர்க்கச் சொல்லலாம்.

எந்த ஊரில் இன்டர்வியூ என்பதில் உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல், குடியேற்ற விசா கேட்பவர்களுக்கு அவர்கள் வசிக்கும் இடத்துக்கான தூதரகத்தில் நேரம் தருகிறார்கள், கேட்டுக்கொண்டால் குடியுரிமை உள்ள நாட்டில் தருகிறார்கள். நீங்கள் சிங்கப்பூரில் குடியேறினாலும் இந்தியக் குடிமகள்தான், அதனால் மும்பையும் உங்களுக்குப் பொருந்தும். என்னைக் கேட்டால் இப்போதைக்கு மும்பையிலேயே விட்டுவையுங்கள் என்பேன். கோப்பு அங்கே வரிசையில் நிற்கிறது. மாற்றக் கேட்டால் சிங்கப்பூரில் வசிப்பதற்கு ஆதாரம் கேட்கலாம், போய் இறங்கிய புதிதில் உங்களிடம் அது அதிகம் இருக்காது. அங்கே ஒரு வருடம் ஓடியும் தேதி வரவில்லை என்றால் அப்போது யோசியுங்கள். (உங்கள் கேஸ் நம்பர் பிஎம்பி என்று தொடங்கும். பம்பாய் என்ற பழைய பெயரின் மிச்சம் அது. அந்த மூன்று எழுத்தை நான் எத்தனை நூறு முறை தட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. இன்றைக்கும் விரலுக்கு மறக்கவில்லை.)

மும்பை என்று வைத்துக்கொண்டால் ஒரு சங்கடம் உண்டு. மெடிக்கலை இந்தியாவில் அவர்கள் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் எடுக்க வேண்டும், சிங்கப்பூரில் எடுத்துக்கொண்டு வர முடியாது. அதற்கப்புறம் கைரேகை, அப்புறம் இன்டர்வியூ. இன்டர்வியூ முடிந்ததும் விசா ஒட்டுவதற்காகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அது கைக்கு வரும்வரை நீங்கள் சிங்கப்பூர் திரும்ப முடியாது. நான்கு நாள் லீவு போட்டுக்கொண்டு வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள். சேர்ந்த நாளிலிருந்தே லீவைச் சேர்த்து வையுங்கள், மூன்று வாரம் கையில் இருந்தால் நிம்மதி. தடுப்பூசிச் சீட்டுகளைக் கையோடு வைத்திருங்கள், இல்லையென்றால் போட்ட ஊசியையே திரும்பப் போடுவார்கள்.

அடுத்தது பிசிசி, அதாவது போலீஸ் சான்றிதழ். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் வசித்துக்கொண்டிருந்தால் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழும் வேண்டும். அதனால் சிங்கப்பூரில் ஆறாவது மாதம் முடியும்போது இன்டர்வியூ இன்னும் வரவில்லை என்றால், அந்த ஊர்ப் போலீசிடம் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தேதி வந்தபிறகு ஓடாதீர்கள். இந்தியச் சான்றிதழ் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, போலீஸ் சான்றிதழ்களைப் பொதுவாக இரண்டு ஆண்டு வரை ஏற்கிறார்கள். அதன் மேல் உள்ள தேதியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் கதையைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் கை நடுங்கியதற்கு அதுதான் காரணம்.

நான் 19 மாதம் காத்திருந்தேன். கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விவரம் தெரிந்தவர் என்று நாங்கள் நம்பிய ஒருவர், "மூன்று மாதத்தில் கூப்பிட்டுவிடுவார்கள், இந்தப் பருவம் முடிந்ததும் ராஜினாமா கொடுத்துவிடம்மா" என்றார். கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் ஆறு மாதமாகி, ஒரு வருடமானது. அந்த ஒன்றரை வருடத்தில் நான் செய்யாமல் விட்டதையெல்லாம் எண்ணினால் இன்றும் வலிக்கிறது. நூலக அட்டையைப் புதுப்பிக்கவில்லை. ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தும் சேரவில்லை. தோழி ஒருத்தி தன் ஊருக்குப் பத்து நாள் கூப்பிட்டாள், நடுவில் லெட்டர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று போகவில்லை. செருப்பு வார் அறுந்துபோனது. 'அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம்' என்று ஊக்கைக் குத்திப் போட்டுக்கொண்டே எட்டு மாதம் நடந்தேன். ஊக்கு துருப்பிடித்துக் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது, தேய்த்துக் குளித்தாலும் போகாது. யாரும் என்னை அப்படி இருக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் இருந்தேன். கிளம்பப்போகிறவளுக்கு இங்கே எதுவும் தேவையில்லை என்று மனது சொல்லிக்கொண்டே இருந்தது.

இன்டர்வியூ ஏழெட்டு நிமிஷம்தான். எப்படிச் சந்தித்தீர்கள், அவர் என்ன வேலை பார்க்கிறார், கடைசியாக எப்போது பார்த்தீர்கள். அப்புறம் அந்த அதிகாரி, இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "ஒன்றும் செய்யவில்லை, காத்துக்கொண்டிருந்தேன்" என்றேன். அவர் எதையோ தட்டச்சு செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு பதில், அவ்வளவுதான். எனக்குத்தான் அது தொண்டையில் நின்றுவிட்டது. விசா கிடைத்தது, போனேன், நன்றாகவும் இருக்கிறேன். ஆனால் அந்த 19 மாதத்தை எனக்கு யாரும் திருப்பித் தரவில்லை. அங்கே போய் வேலை தேடியபோது, நடுவில் ஏன் இத்தனை நாள் இடைவெளி என்று எல்லோரும் கேட்டார்கள்.

அதனால்தான் போங்கள் என்கிறேன்.

'கல்யாணம் பொய்யோ என்று நினைப்பார்' என்ற பயம் பற்றி. வேலைக்காக வேறு வேறு நாட்டில் இருக்கும் கணவன் மனைவியை அந்த அதிகாரிகள் தினமும் பார்க்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கப் போகிறீர்களா, பேசுகிறீர்களா, ஒருவர் வாழ்க்கை மற்றவருக்குத் தெரியுமா என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ளவர் சிங்கப்பூருக்குக் குறுகிய காலம் வர முன்கூட்டி விசா வாங்க வேண்டாம். அவர் லீவு கிடைக்கும்போதெல்லாம் கிளம்பி வரலாம். விமான டிக்கெட், போர்டிங் பாஸ், சேர்ந்து எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வீட்டில் உட்கார்ந்து ஃபோனில் மட்டும் பேசிக்கொண்டிருப்பதைவிட இது உங்கள் கேஸுக்குப் பலம்தான். மாமியாரிடம் இதைக் கணவரே சொல்லட்டும். நீங்கள் சொன்னால் அது வாக்குவாதமாகும்.

ஆனால் அவர் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்பது மட்டும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்த வரி அதுதான். அவருடைய அன்பு புரிகிறது. ஆனால் ஐ-864 என்ற பொருளாதார உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடும் ஸ்பான்சருக்கு அமெரிக்காவில் நிலையான வசிப்பிடம் இருக்க வேண்டும், குடும்பத்தின் அளவுக்கு அரசு வைத்திருக்கும் வறுமைக்கோட்டில் குறைந்தது 125 சதவீத வருமானமும் இருக்க வேண்டும். ஒரு வருடம் வெளியே வந்து இருந்தால், திரும்பிப் போய் அங்கேதான் வாழப்போகிறேன் என்பதற்கு அவர் ஆதாரம் காட்ட வேண்டிவரும். வேலையும் போயிருந்தால் வேறொருவரைக் கூட்டு ஸ்பான்சராகக் கெஞ்ச வேண்டும். முடியாதது இல்லை, ஆனால் டிக்யூ ஆன கேஸில் எதற்கு இந்த வினை? அவர் நியூ ஜெர்சி வீட்டையும் வேலையையும் அப்படியே வைத்துக்கொண்டு பத்து நாள், இரண்டு வாரம் என்று வந்து போகட்டும். நடுவில் நீங்கள் சுற்றுலா விசாவில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று யாராவது சொல்வார்கள். கேட்கத் தடை இல்லை, ஆனால் குடியேற்ற மனு நிலுவையில் இருக்கும் மனைவிக்கு அதைக் கொடுக்கத் தயங்குவார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கம்பெனி விஷயம். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரிந்து எவரும் வேலைக்குச் சேர்வதில்லை. தேதி இல்லாத ஒரு காத்திருப்பை முதல் நாளே அவர்கள் முன்னால் வைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். இரண்டு வருடம் இருந்தே ஆக வேண்டும் என்று பாண்டு கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள், அது நிறைவேற்ற முடியாத வாக்கு. மும்பைக்குத் தேதி வந்த அன்றே மேலாளரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஆனால் ராஜினாமா மட்டும் விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்தபிறகுதான். இன்டர்வியூ நன்றாக நடந்தும் 221(ஜி) என்று ஒரு தாளைக் கொடுத்து மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த கேஸ்கள் எனக்குத் தெரியும். விசா வழக்கமாக ஆறு மாதம் வரை செல்லும், மெடிக்கல் தேதியைப் பொறுத்துக் குறையலாம். நோட்டீஸ் காலம் முழுவதும் வேலை பார்த்துவிட்டே கிளம்ப நேரம் இருக்கும். கிளம்பும்போது சிங்கப்பூரில் உங்கள் முதலாளி ஐஆர்21 என்ற வரிப் படிவத்தைக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகக் கொடுக்க வேண்டும். அது முடியும்வரை கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைப்பார்கள். அந்த மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள், பலருக்கு இது கடைசி நேரத்தில்தான் தெரிகிறது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் உங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருடம் நிறைகிறது. அதற்குள் அமெரிக்காவில் நுழைந்தால் சிஆர்1 வகை, இரண்டு வருடத்துக்கான நிபந்தனை கிரீன் கார்டு அட்டை. அது முடியும் முன் கடைசி 90 நாளுக்குள் ஐ-751 என்ற மனுவைப் போட்டு, இந்தக் கல்யாணம் உண்மைதான் என்று மறுபடியும் காட்ட வேண்டும். இரண்டு வருடம் நிறைந்தபின் நுழைந்தால் ஐஆர்1 வகை, பத்து வருட அட்டை. இந்தத் தாமதத்தில் உங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் இது.

அம்மா கட்டிய பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பிரியுங்கள். நிச்சயம் ஒரு குக்கர் இருக்கும். அதைச் சிங்கப்பூருக்கு எடுத்துப் போய் முதல் நாளே சமையுங்கள். கல்யாணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பிசிசி ஆகியவற்றின் அசல்களை மட்டும் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா