பெயின்ட் கடைசியில்: வீட்டு அலங்காரம் குறித்த கேள்வி பதில்

கேள்வி: எனக்கென்று ஒரு பாணி இருப்பதாகவே தெரியவில்லை மேடம். 300 படங்கள் சேமித்து வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. எங்கே தொடங்குவது?

பதில்: இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 300ல் இருபதை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் உங்கள் கண்ணை நிறுத்தியது எது என்று ஒரே வார்த்தையில் எழுதுங்கள். என்னிடம் வருகிறவர்களின் பட்டியலில் பெரும்பாலும் பொருளே இருக்காது. 'வெளிச்சம்', 'காலி இடம்', 'ஒயர் தெரியவில்லை' என்றுதான் இருக்கும். அந்தப் படங்கள் பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில், சார்ஜரையும் செருப்பையும் ஒளித்துவிட்டு எடுத்தவை. நீங்கள் ஆசைப்பட்டது அந்த சோபாவுக்கு அல்ல, அதைச் சுற்றியிருக்கும் சுத்தமான தரைக்கு.

அப்புறம் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். இரண்டு முறை வீடு மாறியும் தூக்கிப்போட மனசு வராமல் கொண்டுவந்த பொருள் எது? நாலு நாற்காலி காலியாக இருந்தாலும் எதில் போய் உட்காருகிறீர்கள்? துணி அலமாரியைத் திறந்து பாருங்கள். ஹால் முழுக்கச் சாம்பல் நிறம் அடித்துவிட்டு, ஆறு மாதத்தில் "வீடே ஒட்டவில்லை" என்று ஒருவர் வந்தார். அவர் அலமாரியில் ஒரு சாம்பல் சட்டைகூட இல்லை. அத்தனையும் செங்கல் நிறம், மஞ்சள், பழுப்பு. அவருடைய பாணி ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெயின்டை மட்டும் கடைசியில் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஏன் கடைசியில்? எல்லோரும் முதலில் அதைத்தானே முடிவு செய்கிறார்கள்?

பதில்: அதனால்தான் எல்லோரும் அலைகிறார்கள். பெயின்டில் ஆயிரக்கணக்கான நிறங்கள் கலந்து தருவார்கள். உங்களுக்குப் பிடித்த திரைத்துணியோ நாலைந்து நிறத்தில்தான் வரும். துணிக்கு ஏற்ற பெயின்ட் கிடைக்கும். பெயின்டுக்கு ஏற்ற துணி கிடைப்பது அதிர்ஷ்டம். கைக்குள் அடங்கும் நிற அட்டையையும் நம்பாதீர்கள், சுவர் முழுக்க வரும்போது அதே நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும். பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, சுவருக்குச் சுவர் சாய்த்து வைத்து, காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். பல்பு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்: 2700 கெல்வின் பல்பின் கீழ் மஞ்சள் பூசினாற்போல் இருக்கும் வெள்ளை, 6500 கெல்வினில் நீலம் தட்டும்.

கேள்வி: ஹாலுக்கு என்ன கலர் அடிக்கலாம்?

பதில்: திரைத்துணி வாங்கிவிட்டு வாருங்கள்.

கேள்வி: சுவரில் ஈரம் கசிந்து பெயின்ட் உரிகிறது. எந்த வால்பேப்பர் ஒட்டினால் மறையும்?

பதில்: எதுவும் ஒட்டாதீர்கள், உள்ளே பூஞ்சை பிடிக்கும். முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: படங்களை எந்த உயரத்தில் மாட்டுவது?

பதில்: படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 சென்டிமீட்டர். பலரும் கூரையை ஒட்டி மாட்டிவிடுகிறார்கள்.

கேள்வி: ட்ரெண்டைப் பின்பற்றினால் என்ன குற்றம்? எல்லோரும் வைத்திருப்பதுதான் எனக்கும் பிடிக்கிறது.

பதில்: குற்றமே இல்லை. கணக்குதான் இடிக்கிறது. நிறங்களுக்குப் பெயரும் எண்ணும் வைத்து அட்டை போடும் பான்டோன் நிறுவனம் 2000 முதல் ஆண்டுக்கு ஒரு நிறத்தை அறிவிக்கிறது. 2021க்கு ஒன்று போதாமல் சாம்பல், மஞ்சள் என்று இரண்டு. உங்கள் சோபா வருஷா வருஷம் மாறுமா?

கேள்வி: குறுக்கிடுகிறேன். 'சொந்தப் பாணி' என்பதே இப்போது ஒரு ட்ரெண்ட்தானே?

பதில்: சரியான அடி. ஒப்புக்கொள்கிறேன், என் தொழிலே அதில்தான் ஓடுகிறது. ஆனாலும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: இனி யாருமே உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை என்றால், இந்தப் பொருளை வாங்குவீர்களா?

கேள்வி: வருகிறவர்கள் பாராட்ட வேண்டும் என்று நினைப்பதும் என் ரசனைதான் மேடம். அதை ஏன் மட்டமாகப் பேசுகிறீர்கள்?

பதில்: மட்டமாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள். நானே ஒரு காலத்தில் படங்களைப் பார்த்து மயங்கி, கதவில்லாத அலமாரி போட்டுக்கொண்டவள். வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். தூசி துடைத்தது நான். மூன்றாவது வருஷம் கதவு போட்டுவிட்டேன். அதனால் பாதி வழி வருகிறேன்: குஷன் உறை, விளக்கு மூடி போல எளிதில் மாற்றக்கூடியதில் ட்ரெண்டை அனுமதியுங்கள். டைல்ஸ் மாதிரி உடைத்துத்தான் மாற்ற வேண்டியதில் மட்டும் வேண்டாம். இதற்கும் சண்டை பிடிப்பீர்கள் என்றால் பிடியுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கும் கணவருக்கும் ரசனையே ஒத்துப்போகவில்லை.

பதில்: பிடித்ததைப் பேசாதீர்கள். சகிக்கவே முடியாதவற்றை ஆளுக்கு ஐந்து எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பத்தையும் கழித்தாலும் நிறையவே மிஞ்சும், அதற்குள் தேடுங்கள்.

கேள்வி: மேடம், படுக்கையறைக்கு என்ன கலர்?

பதில்: திரை வாங்கியாயிற்றா?