வளாகத்து ஒற்றையடிப் பாதைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மலைப்பாதைகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை. நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. எங்கள் வளாகத்தின் பின்சரிவில் பழைய ஒற்றையடிப் பாதைகள் மூன்று உண்டு. சேர்த்தால் இரண்டு கிலோமீட்டர் வரும். பல வருடங்களாகக் கவனிப்பாரில்லாமல் உண்ணிச்செடியும் (லாண்டானா) சீகை (வாட்டில் மரம்) கன்றுகளும் மூடிவிட்டன. கீழே உள்ள ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) விறகுக்கு வரும் பெண்கள் மட்டும் ஒரு பாதையில் இன்னும் நடக்கிறார்கள். தை மாத முகாமில் ஐம்பது மாணவர்களோடு இவற்றைத் திறந்து, நடப்பவர்கள், ஓடுபவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் பொதுவாக விட ஆசை. ஜேசிபி விட்டால் ஒரே நாளில் முடியும் என்கிறார் ஒருவர். களைக்கொல்லி அடித்துக் கொளுத்தலாம் என்கிறார் இன்னொருவர். நிர்வாகம் கான்கிரீட் படி கட்டலாம் என்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு பேராசிரியை,
கோத்தகிரி

அன்புள்ள பேராசிரியைக்கு,

அந்த மூன்று யோசனைகளையும் முதலில் ஒதுக்கிவிடுங்கள். நீலகிரியில் ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் அது மலையைப் பத்தடி அகலத்துக்கு அறுத்து, மேட்டுப் பக்கம் செங்குத்தாக ஒரு மண்சுவரை நிறுத்திவிட்டுப் போகும். 2009 நவம்பரில் மலை எப்படிச் சரிந்தது என்பதை உங்கள் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். களைக்கொல்லி மழையோடு இறங்கிக் கீழே இருக்கும் ஊற்றில் சேரும். தீ வைப்பதோ சீகைக்குச் செய்கிற உபகாரம். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், சூடு பட்டதும் மொத்தமாக முளைத்து வரும். கான்கிரீட் படியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு கிலோமீட்டரையும் ஒரே முகாமில் திறக்க வேண்டாம். பழக்கமில்லாத பத்துப் பேர் கொண்ட குழு, காலை மூன்று மணி நேரத்தில் பழைய தடத்தை 150 அடிக்கு ஒழுங்காக மீட்டால் அதுவே நல்ல வேலை. ஐம்பதில் பத்துப் பேரைச் சமையல், முதலுதவி, அளவெடுப்பு ஆகியவற்றுக்கு விட்டால் நான்கு குழுக்கள். ஏழு நாள் முகாமில் முதல் நாள் அளவுக்கும் கடைசி நாள் சரிபார்ப்புக்கும் போக, ஐந்து நாளில் 3000 அடி. ஏறத்தாழ 900 மீட்டர், அதாவது ஒரு பாதையும் கொஞ்சமும். அந்த ஒன்று விறகுக்காரப் பெண்களின் பாதையாக இருக்கட்டும். அதில்தான் கால் பட்ட தடம் மிச்சம் இருக்கிறது. எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், எங்கே காலை வழுக்கும் என்பது அவர்களுக்கு அத்துபடி. அவர்களிடம் பேசி, முடிந்தால் இரண்டு பேரை முதல் நாளே கூட்டிக்கொண்டு நடந்துவிட்டுப் பிறகு கத்தியை எடுங்கள்.

பாதையைக் கொல்வது தண்ணீர். புதரை ஒரு வாரத்தில் நீக்கிவிடலாம். ஆனால் தண்ணீர் பாதை நெடுக ஓடத் தொடங்கினால் இரண்டு மழைக்காலத்தில் அது ஓடையாகிவிடும். தை மாதத்தில் மழை இருக்காது, அதனால் தடயங்களைத்தான் படிக்க வேண்டும். வெளியே தெரியும் வேர்கள், நடுவில் ஓடும் சிறு வாய்க்கால், ஒரே இடத்தில் வந்து ஒதுங்கிய மணலும் சருகும் கண்ணில் படும் இடமெல்லாம் ஒரு துணியைக் கட்டுங்கள். பிறகு கொத்தனாரிடம் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) ஒன்று வாங்கி, பத்தடிக்கு ஒரு முறை இறக்கத்தை அளந்து எழுதுங்கள். சராசரியாகப் பத்தடிக்கு ஓரடி இறக்கம் போதும். இன்னொரு கணக்கும் பாருங்கள்: மலைச்சரிவு எவ்வளவு இறங்குகிறதோ அதில் பாதிக்கு மேல் பாதை இறங்கக் கூடாது. சரிவு பத்தடிக்கு மூன்றடி என்றால் பாதைக்கு ஒன்றரை அடி. அதைத் தாண்டினால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் பாதையையே பிடித்துக்கொள்ளும். நேராகக் கீழே இறங்கும் துண்டு இருந்தால் அதை மீட்க வேண்டாம். கிளைகளைப் போட்டு அடைத்துவிட்டு, சரிவின் குறுக்காகப் புதிய துண்டு ஒன்றை வெட்டுங்கள்.

பழைய பாதைகளில் இரண்டு கோளாறுகள் எப்போதும் இருக்கும். மேட்டுப் பக்கத்து மண் சரிந்து உள்ளோரத்தை அடைத்திருக்கும். பள்ளத்துப் பக்க ஓரத்தில், கால் ஒதுக்கிய மண்ணும் வேரும் சருகும் சேர்ந்து ஒரு சின்ன வரப்பு எழும்பியிருக்கும். இந்த வரப்புதான் பெரிய வில்லன். அரையடி உயரம்கூட இராது, ஆனால் தண்ணீரை வெளியே விடாமல் பாதைக்குள்ளேயே ஓட்டும். முதலில் அதை முழுக்க வெட்டித் தள்ளுங்கள். மேலே உள்ள கறுப்பு மக்கை நீக்கி, அடியில் உள்ள கெட்டியான செம்மண் தெரியும்வரை சுரண்டுங்கள். மூன்றடி அகலத் தடத்தில் வெளியோரம் உள்ளோரத்தைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். குறுக்கே ஓடி விளிம்பைத் தாண்டினால் சரி. வெட்டிய மண்ணை விளிம்பிலேயே கொட்டினால் மறுபடி வரப்பாகும், அதைத் தடமாக நம்பிக் கால் வைத்தால் சரியும். கீழே தள்ளி வீசிப் பரப்புங்கள்.

தண்ணீர் வெளியேற, முப்பது முதல் ஐம்பது அடிக்கு ஒரு தாழ்வு வேண்டும். இறங்கி வரும் பாதையை அந்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு அடி தூரத்துக்கு அரையடி மேலேற்றுங்கள். தாழ்வின் அடியில் மூன்றடி அகலத்துக்கு வெளியே திறந்த வாய் விடுங்கள். குறுக்கே மரத்துண்டு பதிக்கும் வழக்கம் சைக்கிள் போகும் பாதைக்கு ஆகாது. மழையில் நனைந்த மரத்தில் டயர் வழுக்கும். ஒரே பருவத்தில் அதன் பின்னால் வண்டல் நிறைந்து தண்ணீர் மேலேறி ஓடும்.

புதரை ஆறடி அகலம், எட்டடி உயரத்துக்கு மட்டும் நீக்குங்கள். மழைநீர் கனத்தில் கிளை ஓரடி தாழும், அதற்குத்தான் எட்டடி. வளைவுகளில் பள்ளத்துப் பக்கம் இன்னும் இரண்டடி சேர்த்து விடுங்கள். தலையில் விறகுக்கட்டோடு திரும்பும்போது கட்டின் முனை வெளியே வீசும், அவர்களால் குனிந்து பார்க்கவும் முடியாது. அதற்கு அப்பால் உள்ள உண்ணிச்செடியைத் தொட வேண்டாம். செங்குத்தான இடத்தில் இப்போதைக்கு மண்ணைப் பிடித்திருப்பது அதுதான்.

உண்ணிச்செடியைத் தரைக்கு மேல் வெட்டினால் அடுத்த மழைக்கே இரு மடங்காகத் துளிர்க்கும். தூரைச் சுற்றி மண்ணை விலக்கி, தரைக்குக் கீழே இரண்டு அங்குலத்தில் ஆணிவேரைக் குந்தாலியால் வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் காய்ந்துவிடும். கறுத்த பழங்களை முதலில் சாக்கில் பறித்துக்கொள்ளுங்கள். மழை பெய்து ஒரு மாதம் கழித்து நாற்றுகளைக் கையால் பிடுங்குங்கள். இந்த இரண்டாவது சுற்றை விட்டால் முதல் சுற்று வீண். சீகையில் கையால் பிடுங்க வருகிற கன்றுகளை மட்டும் எடுங்கள். மரமாகிவிட்டவற்றுக்கு 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். அனுமதி எழுத்தில் கையில் வரும்வரை கோடரியை ஓங்கக் கூடாது.

இன்னொன்று, சின்ன விஷயம்தான், ஆனால் ஆபத்தானது. அரிவாளால் சாய்வாக வெட்டிய குச்சி தரையில் ஈட்டியாக நிற்கும். சருகு மூடியதும் கண்ணுக்குத் தெரியாது, செருப்பையும் டயரையும் குத்திவிடும். ஒவ்வொரு குழுவிலும் கடைசியாக ஒருவர் கையுறையோடு தடவிக்கொண்டே வந்து, மிச்சம் உள்ளதை வேரோடு தோண்டட்டும் அல்லது மண்மட்டத்தில் ரம்பத்தால் அறுக்கட்டும்.

பத்துப் பேருக்கு மூன்று அரிவாள், ஒரு கைரம்பம், இரண்டு குந்தாலி, இரண்டு மண்வெட்டி, ஒரு வாரி. பத்தாவது ஆள் கருவி இல்லாமல் கவனிக்கட்டும். ஆளுக்கு ஆள் பத்தடி இடைவெளி விடுங்கள், ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவரை நிறுத்தாதீர்கள். பகலில் காட்டுமாடு புதருக்குள் படுத்திருக்கும். ஒன்பது மணிக்கு முன் இறங்காதீர்கள், சத்தம் கொடுத்துக்கொண்டே போங்கள், நான்கு மணிக்குள் ஏறிவிடுங்கள். முழுக்கால் சட்டை, காலுறைக்குள் கால்சட்டை முனை. வீடு திரும்பியதும் குளியல், துணிக்கு வெந்நீர். புதர்ப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். யாருக்காவது காய்ச்சல் வந்தால், புதரில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகும்.

படி விஷயம். பத்தடிக்கு இரண்டடிக்கு மேல் இறங்கும், விலக்கவும் முடியாத துண்டில் மட்டும் கல்படி போடுங்கள். உயரம் ஆறு அங்குலம், மிதிப்பு பதினைந்து அங்குலம். மேல்கல் கீழ்க்கல்லின் பின்விளிம்பின் மேல் உட்காரட்டும். கான்கிரீட் படியின் இரு பக்கமும் தண்ணீர் அரிக்கும், ஆட்களும் படியை விட்டு ஓரத்து மண்ணில்தான் நடப்பார்கள்.

சைக்கிளையும் நடையையும் ஒரே தடத்தில் விடலாம், நூறடிக்கு ஒரு ஒதுங்குமிடமும் வளைவுக்கு முன் ஐம்பதடிப் பார்வையும் இருந்தால். வேகம் பிடிக்கிற நேர்த்துண்டில் பாறைக்கும் மரத்துக்கும் இடையே தடத்தை வேண்டுமென்றே குறுக்குங்கள். அறிவிப்புப் பலகை செய்யாததை அது செய்யும். சைக்கிள் நடப்பவருக்கு ஒதுங்க வேண்டும், சுமையோடு வருபவருக்கு எல்லோரும் ஒதுங்க வேண்டும். இதை மாணவர்களிடம் முகாமிலேயே கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

காய்ந்த மண் இறுகாது. அதனால் தையில் புதர், வரப்பு, அளவு வேலைகளை முடித்துவிட்டு, தடத்தை இறுதியாக வாட்டம் பார்த்து மிதித்துக் கெட்டிப்படுத்துவதைக் கோடை மழைக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் பெருமழை ஐப்பசியில்தான். அதற்கு முன் புரட்டாசியில் ஒவ்வொரு துறைக்கும் இருநூறடி என்று பிரித்துக் கொடுத்து, தாழ்வுகளின் வாய்களில் அடைத்த சருகை மட்டும் அள்ளச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. இதற்கு ஆள் பெயர் எழுதி நிர்வாகத்திடம் ஒப்புதல் வாங்கிய பிறகே முதல் செடியை வெட்டுங்கள்.

அளவெடுத்த தாளை அனுப்பினால், எந்தத் துண்டை விலக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்