சிவப்பு ஐசியும் ஐந்து ஆண்டுக் கணக்கும்

வணக்கம் ஐயா,

நான் தஞ்சாவூர்க்காரி. 2018இல் மலேசியாவின் பினாங்குக்காரரைத் தஞ்சாவூரில் திருமணம் செய்துகொண்டேன். இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். ஒரு மகன். 2019 பிப்ரவரியில் எனக்கு நீண்டகாலச் சமூக வருகை பாஸ் (இங்கே தங்குவதற்கான அனுமதி) கிடைத்தது. 2020 மார்ச் தொடக்கத்தில் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனேன். கொரோனாவால் எல்லையை மூடிவிட்டதால் 2021 டிசம்பரில்தான் திரும்ப முடிந்தது. இடையில் பாஸ் முடிந்துபோய், புதிதாக எடுத்தோம். கல்யாணமாகி ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கு இப்போது மனு செய்யலாமா? 12,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் ஆறு மாதத்தில் சிவப்பு ஐசி, அதாவது நிரந்தர வசிப்பாளரின் அடையாள அட்டை, வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். நேராகக் குடியுரிமைக்கே போடலாம் என்கிறார் கணவரின் அண்ணன். என் பெயரோ ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லித் தருகிறேன், அதனால் பாதிப்பு வருமா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போது மனு செய்யாதீர்கள். ஏஜென்டுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

ஐந்து ஆண்டைக் கல்யாண நாளிலிருந்து எண்ணக் கூடாது. மலேசியக் குடிமகனின் மனைவி, நீண்டகாலச் சமூக வருகை பாஸில் இந்த நாட்டில் தொடர்ந்து ஐந்து ஆண்டு தங்கியிருக்க வேண்டும் என்பதுதான் விதி. ‘தொடர்ந்து’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் பலருடைய மனு விழுந்துபோகிறது. ஊருக்கு இரண்டு வாரம், மூன்று வாரம் போய்வருவது வேறு. உங்கள் விஷயத்தில் ஒன்றே முக்கால் வருஷம் வெளியே இருந்திருக்கிறீர்கள், அதற்குள் பாஸும் செத்துவிட்டது. அது உங்கள் குற்றமில்லை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. செப்டம்பர் 7 முதல் இந்தியக் குடிமக்களில் நீண்டகால பாஸ் வைத்திருந்தவர்களையே உள்ளே விடவில்லை. குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து கிடந்த காலம் அது. ஆனால் கவுண்டரில் இருப்பவர் கடப்பிதழில் உள்ள முத்திரைகளைத்தான் பார்ப்பார். ஆகவே 2021 டிசம்பரில் திரும்பிவந்து எடுத்த பாஸின் தேதியை முதல் நாளாக வையுங்கள். 2026 டிசம்பர் தாண்டியபின் மனு செய்வதே பாதுகாப்பு. முந்தைய ஆண்டுகள் வீணாகிவிடவில்லை. மனுவோடு ஒரு விளக்கக் கடிதம் வைத்து, பழைய பாஸின் நகலையும் விமான டிக்கெட்டையும் இணைத்தால், இந்தத் திருமணம் எத்தனை காலமாக நடக்கிறது என்பதற்கு அவையே சான்று.

அதுவரை பாஸ் ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. முடியும் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். கணவர் கூட வர வேண்டும் என்பதால், அவருடைய லீவைப் பார்த்துக்கொண்டே நாள் தள்ளிப்போய்விடும். காலம் கடந்து தங்குவது குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவில் குற்றம். அப்படி ஒரு பதிவு கோப்பில் ஏறினால் பிறகு எந்த விளக்கமும் எளிதில் எடுபடாது. இன்னொன்று, இந்தியக் கடப்பிதழைப் புதுப்பித்தால் பழையதைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். ஐந்து ஆண்டின் நுழைவு முத்திரைகள் அதில்தான் இருக்கின்றன. பாஸைப் புதிய கடப்பிதழுக்கு மாற்றியபின் இரண்டையும் ஒன்றாகக் கட்டி வையுங்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண்களின் மனு அதிகமாகச் சிக்குவது இங்கேதான். பள்ளிச் சான்றிதழில் ‘மு. கவிதா’ என்று இருக்கும். கடப்பிதழில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி ‘கவிதா முருகேசன்’ என்று வரும். இங்குள்ள தாள்களில் யாராவது பழக்கத்தில் ‘கவிதா த/பெ முருகேசன்’ என்று தட்டியிருப்பார்கள். பிறப்புச் சான்றிதழிலோ பெயரே இருக்காது, ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். இதற்குமேல் ‘முருகேசன்’ என்பதை ஒரு தாளில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூட்டி எழுதியிருப்பார்கள். நமக்கு எல்லாம் ஒரே ஆள். கோப்பைப் புரட்டும் அதிகாரிக்கு நான்கு ஆள்.

கடப்பிதழில் உள்ள பெயரையே அடிப்படையாக வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதற்கு இழுத்துக் கட்ட வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதல் வேலையாகப் பிறப்புப் பதிவில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். நகராட்சியில் பதிந்திருந்தால் அங்கே போங்கள். கிராமத்தில் பதிந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரித்துவிட்டுத் தாலுகா அலுவலகம் போங்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பு வேண்டும். தெரிந்த ஆசிரியர் எழுதிக் கொடுத்தது செல்லாது, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் முத்திரை இருக்க வேண்டும். இந்தியாவில் கொடுத்த சான்றிதழ்களுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும், அதற்குமேல் மலேசியத் தூதரகத்தின் சான்றொப்பமும் கேட்பார்கள். சென்னையிலேயே மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. இதையெல்லாம் பட்டர்வொர்த்தில் உட்கார்ந்துகொண்டு தபாலில் முடிக்கப் பார்த்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

திருத்த முடியாத வித்தியாசங்களுக்கு ஒரு சத்தியப் பிரமாணம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையொப்பமிடுங்கள். இந்த இந்தத் தாளில் இப்படி இப்படி இருக்கும் பெயர்கள் அனைத்தும் என்னையே குறிக்கும் என்று, ஒவ்வொரு தாளின் எண்ணையும் தேதியையும் போட்டு எழுத வேண்டும். பொதுவாக ‘எல்லாப் பெயரும் நான்தான்’ என்று ஒரு வரியில் எழுதினால் பயனில்லை. தயவுசெய்து இந்த நேரத்தில் கடப்பிதழில் கணவர் பெயரைச் சேர்க்க வேண்டாம். பாஸ், திருமணப் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் பழைய பெயரில் நிற்கும்போது புதிதாக ஒரு ஐந்தாவது பெயர் நமக்கு எதற்கு?

திருமணத்தைப் பொறுத்தவரை, பாஸ் கொடுத்திருப்பதால் தேசியப் பதிவிலாகாவில் பதிந்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: முஸ்லிம் அல்லாத மலேசியர் வெளிநாட்டில் கல்யாணம் செய்துகொண்டு ஆறு மாதத்துக்குள் ஊர் திரும்பினால், வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் இங்கே பதிய வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் அப்படிச் சொல்கிறது. முஸ்லிம் குடும்பங்களுக்கு மாநிலச் சமயத் துறை.

கணவர் பக்கத்திலிருந்து வேண்டியவை சம்பளச் சீட்டு, இஏ படிவம் (முதலாளி தரும் ஆண்டுச் சம்பள அறிக்கை), வருமான வரிக் கணக்கு, ஊழியர் சேமநிதி அறிக்கை, வங்கி அறிக்கை. சொந்தத் தொழில் என்றால் கம்பெனிப் பதிவு. வரிக் கணக்கை ஆண்டுதோறும் ஒழுங்காகத் தாக்கல் செய்யாதவர் மனைவியின் மனுவுக்கு ஆதரவாளராக நிற்கும்போதுதான் அந்த ஓட்டை தெரியவரும். இப்போதே கேட்டுவிடுங்கள்.

டியூஷனை நிறுத்தி வையுங்கள். பாஸில் இருப்பவர் வேலை செய்ய, குடிநுழைவுத் துறையின் அனுமதி பாஸில் பதிந்திருக்க வேண்டும். நான்கு பிள்ளைகள்தானே என்று நமக்குத் தோன்றும். யாரோ ஒருவர் புகார் கொடுத்தால் அது அனுமதியில்லாத வேலை. உங்களை வேலைக்கு வைத்துக்கொள்ள ஒரு பள்ளியோ நிறுவனமோ தயாராக இருந்தால், அவர்களின் கடிதத்தோடு அனுமதி கேளுங்கள். சொந்த வருமானமும் வரிக் கோப்பும் உங்கள் மனுவுக்கு வலுதான்.

ஏஜென்ட் விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. படிவம் நிரப்பவும் நகல் எடுத்து அடுக்கவும் ஒருவர் கூலி வாங்கினால் அது உழைப்புக்கான காசு. முடிவையே விற்பதாகச் சொல்கிறவர் பொய் சொல்கிறார். பினாங்கு மாநிலக் குடிநுழைவு அலுவலகத்தில் ‘பெர்மிட் மாசோக்’ என்று கேளுங்கள். நிரந்தர வசிப்பிட மனுவுக்கு அங்கு அந்தப் பெயர்தான். கட்டணத்தைக் கவுண்டரில் கட்டி ரசீது வாங்குங்கள், கோப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதிப்பது முழுக்க அரசின் விருப்புரிமை. ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மறுத்தால் காரணம் சொல்லாமலும் மறுப்பார்கள், நீதிமன்றம் போவதற்கும் குடிநுழைவுச் சட்டத்தில் கடுமையான வரம்பு உண்டு. ஆறு மாதம் என்று வாக்குக் கொடுக்க யாராலும் முடியாது. முக்கியமாக, அசல் கடப்பிதழை ஏஜென்ட் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. குடிமகனின் மனைவி இரண்டு ஆண்டு வசித்தபின் குடியுரிமைக்கு மனு செய்யலாம் என்று அரசியலமைப்பின் 15ஆவது விதி சொல்கிறது. நடைமுறையில் சிவப்பு ஐசி கையில் இல்லாமல் அந்தக் கோப்பு நகராது. (மலேசியப் பெண்ணைக் கட்டிய வெளிநாட்டுக் கணவருக்கு இந்த வழியே கிடையாது. அவர் 19ஆவது விதியின்கீழ் பன்னிரண்டு ஆண்டில் பத்து ஆண்டு கணக்குக் காட்ட வேண்டும். இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.) மேலும், இரு நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. மலேசியக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். நிரந்தர வசிப்பிடத் தகுதியில் இந்தியக் கடப்பிதழ் அப்படியே இருக்கும். தஞ்சாவூரில் அம்மா இருக்கும்போது அவசரப்பட வேண்டியதில்லை.

அந்தத் தகுதி உங்களுக்கு என்ன தரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேலைக்குத் தனி அனுமதி வேண்டாம். சேமநிதியில் குடிமக்களைப் போலவே உங்கள் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 12 அல்லது 13. எல்லாவற்றுக்கும் மேலாக, பாஸ் புதுப்பிக்கக் கணவரின் கையொப்பத்தை எதிர்பார்க்க வேண்டாம். நாளைக்குக் குடும்பத்தில் என்ன நடந்தாலும் மகனோடு இருக்க உங்களுக்கென்று ஒரு நிலை இருக்கும். ஓட்டுரிமை கிடையாது. வீடு, நிலம் வாங்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், ஏனென்றால் நிலச் சட்டத்துக்கு நீங்கள் அப்போதும் குடிமகள் அல்ல.

அனுமதிக் கடிதம் வந்ததும் முதலில் குடிநுழைவுத் துறையில் கடப்பிதழில் பெர்மிட்டைப் பதியுங்கள், பிறகு தேசியப் பதிவிலாகாவில் ஐசிக்கு மனு செய்யுங்கள். அங்கே அச்சுக்கு அனுப்புமுன் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்வார்கள். பெயரின் ஒவ்வோர் எழுத்தையும், பிறந்த தேதியையும் கடப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்துப் பாருங்கள், பின்னால் வரிசை நீளமாக இருந்தாலும் சரி. அதற்குப்பின் வெளிநாடு போகும்போது மறுநுழைவு பெர்மிட் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.